சுவர் வந்ததும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் மகளுக்குப் பதினொரு வயது. வாரத்தில் மூன்று நாள் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். போன கிழமை, "அம்மா, ஆசிய விளையாட்டுப் போட்டியில நீச்சலுக்கு எங்கட நாடு எத்தனை பதக்கம் எடுத்திருக்கு?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நான்கு பக்கமும் கடல். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த வல்வெட்டித்துறை எங்களுக்குப் பக்கத்து ஊர். ஒரு வெண்கலம்கூடவா இல்லை? அவளுக்கு என்ன சொல்ல?

ஒரு வாசகி, பருத்தித்துறை

அன்புள்ள தங்கச்சிக்கு,

சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். 1951இல் புதுடில்லியில் தொடங்கி 2023இல் ஹாங்சோவில் நடந்ததுவரை, ஆசியப் போட்டி நீச்சலில் இலங்கைக்கு ஒரு பதக்கமும் இல்லை. மகளிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பூச்சியத்தை எங்களளவுக்குப் பெரிதாக எடுப்பதில்லை.

தெற்காசியப் போட்டி வேறு கதை. அங்கே எங்களவர்கள் வாரிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 1991இல் கொழும்பில் ஜூலியன் போலிங் ஆறு தங்கம். 2016இல் குவாஹாத்தியில் மத்தியூ அபேசிங்க ஏழு தங்கம். ஆனால் அந்தக் குளத்தில் ஜப்பானும் சீனாவும் கொரியாவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு இடிப்பது "நான்கு பக்கமும் கடல்" என்ற இடம்தான். நானும் அப்படி நம்பித் திரிந்தவன். நீச்சல் பழகியது கீரிமலைக் கேணியில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கும், இந்தப் பக்கம் ஊற்று நீர். கேணிக் கட்டின்மேல் ஏறி நின்று குதிப்பதும், சுழியோடி அடுத்தவன் காலைப் பிடித்து இழுப்பதும்தான் எங்கள் பயிற்சி. தலையை நீருக்கு மேலே வைத்துத்தான் நீந்துவோம். இல்லாவிட்டால் யார் எங்கிருந்து வந்து அமுக்குவான் என்று தெரியாது. பிறகு கொழும்பில் படித்த காலத்தில் நண்பர்களுக்குள் ஒரு 100 மீற்றர் போட்டி. 50 மீற்றர் தடாகம், ஒரு தடவை திரும்பினால் போதும். சுவர்வரை மூன்றாவதாக வந்தேன். வந்ததும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்து, ஆறுதலாகத் திரும்பினேன். பக்கத்துப் பாதையில் வந்தவன் சுவரைக் கையால் தொடவே இல்லை. நீருக்குள் ஒரு குத்துக்கரணம், காலால் ஓர் உதை, ஆள் போய்விட்டான். கடைசியாக வந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதே தடாகத்தில் 1500 மீற்றர் என்றால் 29 தடவை திரும்ப வேண்டும். கடலுக்குச் சுவர் இல்லை, தங்கச்சி. அலையும் நீரோட்டமும் தாங்குகிற உடம்பைக் கடல் தரும். செக்கனை நூறாகப் பிரித்து எண்ணுகிற ஓட்டத்துக்கு அளந்து கட்டிய தடாகம் வேண்டும், மணிக்கூட்டோடு கரையில் நிற்கிற ஓர் ஆள் வேண்டும், விடியப்புறம் ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவருகிற அம்மா வேண்டும்.

கடலும் சனமும் போதுமென்றால் இந்தியா அள்ளியிருக்க வேண்டுமே. 1951இல் 100 மீற்றர் பிரீஸ்டைலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். 1947 கல்கத்தாக் கலவரத்தில் காலில் குண்டு பட்டவர் அவர். அந்த வருடம் அஞ்சல் நீச்சலில் இரண்டு வெண்கலமும் வாட்டர் போலோவில் தங்கமும் கிடைத்தன. அப்புறம் நீச்சலில் அடுத்த பதக்கத்துக்கு 35 வருடம். 1986இல் சியோலில் கஜான் சிங், 200 மீற்றர் பட்டர்பிளையில் வெள்ளி. அதற்கடுத்தது 2010இல் வீர்தவால் காடேயின் வெண்கலம், இன்னும் 24 வருடம் கழித்து.

சிங்கப்பூரைப் பாருங்கள். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைவிடப் பரப்பில் சிறியது. 1951இலேயே நியோ ச்வீ கொக் என்பவர் அதற்கு நான்கு தங்கம் எடுத்துக்கொடுத்தார். 2014இல் ஜோசப் ஸ்கூலிங் ஆசியத் தங்கம் வென்று, இரண்டு வருடத்தில் ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸையே பின்னால் விட்டார். அவர்களுடைய கடலில் எங்கள் கடலில் இல்லாத உப்பு ஏதும் இல்லை.

இன்னொரு விஷயம். ஆசியப் போட்டியில் இலங்கையின் முதல் தங்கம் யாழ்ப்பாணத்தாருடையது. 1958, தோக்கியோ, உயரம் பாய்தல், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பாய்வதற்கு இரண்டு கம்பும் ஒரு மணல் குழியும் இருந்தால் எந்தப் பள்ளிக்கூட வளவிலும் தொடங்கிவிடலாம். அதற்குமேல் அவருக்கும் அமெரிக்காவில் படித்த காலம் உதவியிருக்கும். நீச்சலுக்கு அந்தத் தொடக்கமே காசு கேட்கும்.

சரி, ஆனந்தனுக்கு வருவோம். இரண்டாவது ஆசியப் போட்டி மணிலாவில் நடந்தது 1954இல். அதே வருடம் தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார், 27 மணி நேரம். பேர்போன இந்திய நீச்சல்காரர் மிகிர் சென் அதைக் கடந்தது 1966இல்தான். நவரத்தினசாமியின் பெயரை எங்கள் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? 1971இல் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினார், 51 மணி நேரம். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க இறங்கியவர் திரும்பி வரவில்லை. போய்வந்த அந்தச் சாதனையை 2021இல் விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 28 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முறியடித்தார்.

இவை ஒன்றும் பதக்கப் பட்டியலில் ஏறாது. திறந்த நீர் நீச்சல் ஆசியப் போட்டிக்குள் வந்ததே ஹாங்சோவில்தான், 10 கிலோமீற்றர். அதுவும் கடலில் இல்லை, ஏரியில். முன்னணியில் வருகிறவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர வேலை. ஆகவே "ஆனந்தன் இருந்தும் பதக்கம் இல்லையே" என்று மகளிடம் சொல்லாதீர்கள். அவர் ஓடியது வேறு ஓட்டம்.

இப்போது வல்வெட்டித்துறையில் அவர் பெயரிலேயே தடாகம் இருக்கிறது. நாங்கள் பதினொரு வயதில் கண்டிராத ஒன்று. மகள் சுவரில் எப்படித் திரும்புகிறாள் என்று ஒருநாள் கரையில் நின்று பாருங்கள். கையால் பிடித்து மூச்சு வாங்குகிறாள் என்றால் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், இந்த வயதில் லேசாகத் திருத்தலாம். விடுமுறைக்குக் கீரிமலைப் பக்கம் போனால் பெண்கள் கேணியிலும் இறக்கிவிடுங்கள். அங்கே மட்டும் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பாசி வழுக்கும்.

அன்புடன்,
அண்ணா