இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படுமா?

கேள்வி: "மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்துள்ளது. நம்பலாமா? – வாசகி, கரூர்.

பதில்: நம்ப வேண்டாம். மின்வாரியச் செய்திகள், அனுப்புநர் இடத்தில் வாரியத்தின் பெயர்க் குறியீட்டுடன் வருமே தவிர, பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து வருவதில்லை. அலுவலகம் பூட்டிய பின் நீங்கள் விசாரிக்க வழியிருக்காது என்பதாலேயே இரவு நேரத்தைக் குறிப்பிடுகிறார்கள் என்று எண்ணுகிறேன். அழைத்தால், அதிகாரிபோலக் கனிவாகப் பேசுபவர், 'பத்து ரூபாய் செலுத்தினால் போதும்' என்று கூறி ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அது உங்கள் கைப்பேசித் திரையை அவருக்குக் காட்டுவதால், வந்துசேரும் ஓடிபியும் அவர் கண்ணில் படும். நிலுவை உண்டா என்பதை வாரியத்தின் செயலியில் உங்கள் மின் இணைப்பு எண்ணை இட்டு நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே இணையக் குற்றப் புகார் உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் சென்றால்தான் வங்கியால் முடக்கி வைக்க இயலும்.