விஷ் எங்கே, ஹோப் எங்கே?

நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் அனுப்பிய நன்றி மின்னஞ்சலில் "ஐ விஷ் ஐ வில் கெட் திஸ் ஜாப்" என்று எழுதியதாகவும், அது பிழை என்று தோழி சொன்னபின் விஷ், ஹோப் இரண்டில் எதை எங்கே எழுதுவது என்றே குழம்பிவிட்டதாகவும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வேலை கிடைக்காமல் போனால் வருத்தத்தை எப்படித் தெரிவிப்பது என்பதும் அவருடைய கேள்வி.

தோழி சொன்னது சரி. முடிவு இன்னும் வராத நிலையில், கிடைக்க வாய்ப்பு இருக்கும்போது, "ஐ ஹோப் ஐ கெட் திஸ் ஜாப்" என்றே எழுத வேண்டும். விஷ்ஷைத் தொடர்ந்து ஒரு முழு வாக்கியம் வந்தால், அதில் சொல்வது நடக்கவில்லை, அல்லது இப்போது உண்மையில்லை என்று பொருள். "சொந்த வீடு இருக்கக் கூடாதா" என்று நாம் ஏங்குகிறோமே, அந்த ஏக்கம்தான் "ஐ விஷ் ஐ ஹேட் எ ஹவுஸ்". வீடு இல்லாதது இன்றைய நிலை என்றாலும் வினை இறந்தகாலத்தில் நிற்பதைக் கவனியுங்கள். முடிந்துபோனதை எண்ணி வருந்தினால் இன்னும் ஒரு படி பின்னே போய், "ஐ விஷ் ஐ ஹேட் அப்ளைட் அர்லியர்" என்று எழுத வேண்டும். ஐயம் வந்தால் வாக்கியத்தின் முடிவில் "ஆனால் அப்படி இல்லையே" என்று சேர்த்துப் பாருங்கள்; பொருந்தினால் விஷ், பொருந்தாவிட்டால் ஹோப்.

இந்தப் பிழைக்கு மூல காரணம் வாழ்த்துகள்தான். "ஐ விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே", "ஐ விஷ் யூ சக்ஸஸ்" என்று சிறுவயது முதல் சொல்லிப் பழகியதால், விஷ் என்றாலே வரப்போகும் நன்மை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் அங்கே யூ என்பதன் பின்னால் வருவது வெறும் பெயர்ச்சொல், வினையே கிடையாது. வெற்றியை வாழ்த்தலாம், பிறந்தநாளை வாழ்த்தலாம், அதற்கு விஷ் போதும். ஒரு வினை நுழைந்தவுடன் அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. ஆகவே "ஐ விஷ் யூ வில் கெட் வெல் சூன்" தவறு. "ஐ ஹோப் யூ கெட் வெல் சூன்" சரி.

இரண்டுக்கும் "விரும்புகிறேன்" என்ற ஒரே பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு மதிப்பெண் கொடுத்து முடித்துக்கொள்ளும் வகுப்பறைகளை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. அங்கே விட்டதை வைத்துத்தான், முப்பதே நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் பிழைக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றுள் பல கொடுப்பது, யாரோ எழுதிய மாதிரி மின்னஞ்சல்களின் தொகுப்பு. அதிலும் இதே பிழை இருக்கும், அதை நூறு பேர் அப்படியே நகலெடுத்து ஒரே நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள்.

வேலை கிடைக்காவிட்டால் "ஐ விஷ் யூ ஹேட் செலக்டட் மீ" என்று எழுத வேண்டாம். இலக்கணப்படி அது சரியே என்றாலும், படிப்பவருக்குக் குறை சொல்வதுபோல் ஒலிக்கும். "ஐ ஹேட் ஹோப்ட் டு ஜாயின் யுவர் டீம்" என்று எழுதினால், எதிர்பார்த்திருந்தேன், கைகூடவில்லை என்ற வருத்தம் மரியாதையோடு போய்ச் சேரும். அதன்பின் நேரம் ஒதுக்கியதற்கு ஒரு வரி நன்றி சொல்லிக் கடிதத்தை முடித்துக்கொள்ளலாம்.