ளாத் சண்டையும் விடுபட்ட ஷத்தும்: குர்ஆன் ஓதல் கேள்வி பதில்

அஸ்ஸலாமு அலைக்கும். ஷஅபான் பிறந்தால் நம் மக்களுக்குக் குர்ஆன் ஞாபகம் வரும், எனக்கு வேலை கூடும். 23 வருடமாகக் காலையில் பிள்ளைகளுக்கும் இஷாவுக்குப் பிறகு பெரியவர்களுக்கும் ஓதிக்கொடுக்கிறேன். தஜ்வீத், அதாவது குர்ஆனைச் சரியாக உச்சரித்து ஓதும் முறை பற்றி மட்டும் கேளுங்கள். தலாக், பாகப்பிரிவினை, பிறை இவற்றுக்கெல்லாம் உங்கள் ஜமாஅத்தில் ஆலிம்கள் இருக்கிறார்கள்.

துபாயிலிருந்து ஒரு தம்பி: ஹஜ்ரத், தமிழ் எழுத்தில் அச்சடித்த யாசீன் கிதாபைப் பார்த்து 10 வருடமாக ஓதுகிறேன். கடகடவென வருகிறது. இனிமேல் போய் அலிஃப், பே படிக்கத்தான் வேண்டுமா?

தம்பி, அந்தக் கடகடதான் எனக்குப் பயம். ஸீன், ஸாத், ஸே மூன்றும் அரபியில் வேறு வேறு எழுத்து, வாயில் பிறக்கும் இடமோ தன்மையோ வேறு. தமிழில் மூன்றுக்கும் ஒரே 'ஸ'. ஹே இரண்டு, நமக்கு ஒரே 'ஹ'. காஃப் இரண்டு, பிள்ளைகளிடம் பெரிய காஃப், சின்ன காஃப் என்போம். பெரிய காஃப் அடித்தொண்டைக்குப் பக்கத்தில் நாவின் வேரிலிருந்து வரும். 'குல் ஹுவல்லாஹு அஹத்' என்பதைப் பெரிய காஃபில் ஓதினால் "சொல்வீராக". சின்ன காஃபில் ஓதினால் "சாப்பிடு". 'கல்ப்' பெரிய காஃபில் இதயம், சின்ன காஃபில் நாய். 'அலீம்' ஐனில் தொடங்கினால் எல்லாம் அறிந்தவன். ஹம்ஸாவில் தொடங்கினால் வேதனை தருவது. இரண்டுமே குர்ஆனில் வருகிற சொற்கள். உங்கள் தமிழ் யாசீனில் இரண்டும் ஒரே 'அலீம்'தான்.

நான் இங்கே தமிழில் எழுதுவது அடையாளம் காட்ட மட்டும். இதைப் பார்த்து ஓதிவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த வித்தை எழுத்தைப் பார்த்து வருவதில்லை. ஒருவர் ஓத ஒருவர் கேட்டு, இவர் ஓத அவர் திருத்தி, அப்படித்தான் இந்த ஓதல் நம் வரை வந்தது. ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபி (ஸல்) அவர்களுடன் ஓதிப் பார்த்தார்கள். வஃபாத்தான வருடம் இரண்டு முறை. அவர்களுக்கே ஓதிப் பார்க்க ஒரு துணை இருந்தது என்றால் உங்களுக்கும் எனக்கும் வேண்டாமா? தினம் அரை மணி நேரம் உட்காருங்கள். என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் லோடு இல்லாத நாளில் மட்டும் வந்து, ஒன்றே கால் வருடத்தில் பார்த்து ஓதுமளவுக்கு வந்துவிட்டார்.

நீடூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: தஜ்வீத் எல்லோருக்கும் கடமையா, ஹாஃபிழ்களுக்கு மட்டுமா?

இரண்டாகப் பிரியுங்கள். இக்லாபு, இத்காம் என்று பெயர்களையும் விதிகளையும் பாடமாகத் தெரிந்திருப்பது ஊரில் சிலர் செய்தால் போதும். ஓதும்போது பெரும்பிழை விடாமல் இருப்பது ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது. பிழையையும் ஆலிம்கள் இரண்டாக்கினார்கள். எழுத்தோ ஹரகத்தோ (உயிர்க்குறி) மாறுவது லஹ்ன் ஜலீ, வெளிப்படையான பிழை. குன்னா என்ற மூக்கொலியை நீட்டாமல் விடுவது போன்றது லஹ்ன் கஃபீ, மறைவான பிழை. 'அன்அம்த' என்பதை 'அன்அம்து' என்று ஓதினால் "நீ அருள்புரிந்தாய்" என்பது "நான் அருள்புரிந்தேன்" ஆகிவிடும், அதுவும் அல்லாஹ்வைப் பார்த்துச் சொல்லும்போது! ஒரு ஜபர் ('அ' குறி) பேஷாக ('உ' குறி) மாறியதற்கு இந்த விலை. ஷாஃபிஈ கிதாபுகளில் பிஸ்மியோடு சேர்த்து, குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவின் 14 ஷத்துகளையும் (எழுத்தை இரட்டித்து ஓதச் சொல்லும் குறி) எண்ணியே வைத்திருக்கிறார்கள். ஒன்று விழாவிட்டாலும் அந்த இடத்தைத் திரும்ப ஓத வேண்டும். ஆகவே முதலில் ஃபாத்திஹா. முழுக் குர்ஆனையும் திருத்திய பிறகுதான் தொழுவேன் என்று யாரும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: மொபைல் செயலியில் தமிழ் எழுத்தில் குர்ஆன் வருகிறதே, அதைப் பார்த்து ஓதலாமா?

துபாய் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். காகிதம் கண்ணாடியானால் எழுத்து மாறிவிடாது.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர்: என் உம்மாவுக்கு 68 வயது. மேல்வரிசைப் பல் நாலு இல்லை. ஓதினால் திக்குகிறது. பேரன் சிரிக்கிறான் என்று குர்ஆனை மூடி வைத்துவிட்டார்.

பேரனை முதலில் எழுப்பி வெளியே அனுப்புங்கள். திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி. புகாரியிலும் முஸ்லிமிலும் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பல் இல்லாதவர்களுக்கு ஸே, தால் மாதிரி நாக்கு நுனி பல்லைத் தொடும் எழுத்துகள் சரியாக வராது. முடிந்தவரை போதும். ஃபாத்திஹா, பிறகு 'குல்' சூராக்கள், பிறகு அம்மா ஜுஸ்வு (குர்ஆனின் கடைசிப் பாகம்) என்று மெதுவாகப் போகலாம். நீங்கள் தினம் பத்து நிமிடம் அவருடைய ஓதலைக் கேளுங்கள். நீங்கள் உம்மாவைத் திருத்துவதை விட உம்மா உங்களைத் திருத்துவதே நடக்கும் என்று நினைக்கிறேன்.

சென்னை மாணவர்: நூன் ஸாகின் (உயிர்க்குறி இல்லாத நூன்) விதிகள் தலைக்குள் நிற்கவே இல்லை.

நூனுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். இள்ஹார் (தெளிவாக ஓதுவது) 6 எழுத்து, இத்காம் (அடுத்த எழுத்தோடு சேர்ப்பது) 6, இக்லாபு (மீமாக மாற்றுவது) 1, இக்ஃபா (மறைத்து ஓதுவது) 15. கூட்டினால் 28. மற்றது நாக்கு பழகினால் தானே வரும்.

மதுரையிலிருந்து ஒருவர்: யாருடைய கிராஅத்தைக் கேட்டுப் பழகலாம்?

மிஸ்ரின் (எகிப்து) மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி. முழுக் குர்ஆனையும் முதன்முதலில் முரத்தலாக (நிதானமான நேர் ஓதலாக) ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான், 1961-இல் மிஸ்ர் வானொலியில் ஒலித்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் பங்கைக் கொடுத்து ஓதுவார். ராகத்துக்காகக் கேட்பவர்களுக்கு வேறு காரிகள் உண்டு. ஆனால் காது கற்றுக்கொண்டதாக நினைக்கும், வாய் கற்றிருக்காது. நீங்கள் ஓதுவதையும் ஒருவர் கேட்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்: ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லில் ளாத் எழுத்து வருகிறதே, மக்கா இமாம் அதை 'வலத்தால்லீன்' என்பது போல ஓதுகிறார். எங்கள் ஊரில் 'வலள்ளால்லீன்'. எது சரி?

வந்தாயிற்று. இது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொழும்புச் சகோதரர் (இடையில்): எங்களிடம் ரமழான், ழுஹா. 'ழ'தான் அசலுக்குக் கிட்ட.

வேலூர்க்காரர்: எங்கள் உஸ்தாத் தேவ்பந்தில் ஓதியவர். 'வலஜ்ஜால்லீன்' என்று ஜாயைத் தடித்துத்தான் சொல்லித் தந்தார். மற்றதெல்லாம் தொழுகையில் கூடாது.

பொறுங்கள். நாவின் பக்கவாட்டு, மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அழுத்த வேண்டும். நுனி வேலை செய்யக்கூடாது. நாவின் பின்புறம் அண்ணத்தை நோக்கி உயர வேண்டும், சத்தம் உடையாமல் அந்தப் பக்கவாட்டிலேயே நீள வேண்டும். அதுதான் ளாத். 8-ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கண அறிஞர் ஸீபவைஹி விவரித்ததும் பக்கவாட்டில் பிறக்கும் ஒலியைத்தான். நாவுக்கு இதைப் போல் கடினமான எழுத்து வேறில்லை என்று கிராஅத் மேதை இப்னுல் ஜஸரீயே எழுதிவைத்தார். அரபிகளுக்கே தகராறு என்றால் கடற்கரைக்காரர் என்ன செய்வார்?

நம் முன்னோர் இதை ஏன் 'ள' என்று கேட்டார்கள்? ரமளான், ஃபர்ளு, உளூ என்று ஏன் எழுதினார்கள்? அந்தப் பக்கவாட்டு ஒலியில் லகரச் சாயல் இருந்ததால்தான் என்று நான் நினைக்கிறேன். ஸ்பெயின்காரர்கள் நீதிபதியைக் குறிக்கும் 'அல்காளீ' என்ற சொல்லை எடுத்து 'அல்கால்தே' என்றார்கள். நடுவில் அந்த 'ல்' எங்கிருந்து வந்தது? நம் கப்பல்காரர்களுக்குக் கேட்டது அங்கேயும் ஒருவருக்குக் கேட்டிருக்கிறது. எனவே நம் உம்மாமார்களின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அதற்காக 'ள' சரியாகிவிடாது. 'ள'வில் நாக்கு நுனி மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது, 'ழ'வில் தொடாமல் மடிகிறது. ளாதில் மடிப்பே கிடையாது. ளாதை மெல்லிய தாலாக ஓதினாலோ "வழிதவறியவர்கள்" என்பது "வழிகாட்டுபவர்கள்" என்று அர்த்தமே கவிழ்ந்துவிடும். மக்கா இமாம் ஓதுவது தடித்த ஒலி, மெல்லிய தால் அல்ல. காதால் மட்டும் கேட்டு நீங்கள் அதை மெல்லியதாக்கிவிடாதீர்கள்.

வேலூர்க்காரர்: அப்படியானால் ஜா?

ஒலியில் நெருக்கம் ஜா (தடித்தது)தான். இந்த நெருக்கத்தால் இரண்டையும் பிரிக்க முடியாதவருக்கு மன்னிப்பு உண்டு என்று இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரை) சொல்கிறார். மன்னிப்பு வேறு, சரி வேறு. "தொழுகை கூடாது" என்று பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்குத் தீர்ப்பு எழுதும் வேலையை உங்கள் உஸ்தாத் உங்களுக்குத் தந்திருக்க மாட்டார்.

கொழும்புச் சகோதரர்: 'ழ' தமிழின் தனிச்சிறப்பு எழுத்து. அதைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

'ழ'வை யார் குறைத்தது? கொழும்பு என்று எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்: எங்கள் ஊர் ஓதலை 400 வருடமாகப் பெரியவர்கள் ஓதியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் தப்பா?

பெரியவர்கள் வாயில் என்ன இருந்தது என்பதற்குப் பதிவு இல்லை. உங்கள் வாயில் இருப்பதை மட்டும்தான் நான் கேட்க முடியும். ஃபாத்திஹாவை ஓதிக் குரல் பதிவு அனுப்புங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: எங்கள் இமாம் தப்பாக ஓதுகிறார். தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று சொல்லலாமா?

அப்படிச் செய்தால் இரண்டு தப்பு. தனியாகப் போய், ஒரு டீ வாங்கிக்கொடுத்து, "ஹஜ்ரத், இந்த இடம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டதே தப்பாக இருக்கவும் வாய்ப்புண்டு. மொராக்கோவில் வர்ஷ் என்பவரின் அறிவிப்பில் ஃபாத்திஹாவின் 'மாலிகி' என்பதை 'மலிகி' என்று ஓதுவார்கள், அதுவும் சரிதான். நம் நாட்டில் ஓதுவது ஆஸிம் என்ற காரியிடமிருந்து ஹஃப்ஸ் என்பவர் அறிவித்தது.

ஒரு சகோதரி: வீடியோ வகுப்பில் ஆண் உஸ்தாதிடம் ஓதலாமா?

உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேளுங்கள். ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள், முதலில் அவர்களைத் தேடுங்கள்.

புதியவர்: தமிழில் எழுதி வைத்து...

இல்லை. அடுத்தது.

இன்னொரு புதியவர்: அரபியும் பக்கத்தில் தமிழும் இருந்தால்?

கண் தமிழுக்குத்தான் போகும். என் கண்ணே போகிறது. பக்கத்தை மடித்து வைத்து ஓதுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்: பதிவு அனுப்பிவிட்டேன் ஹஜ்ரத். இப்போது சொல்லுங்கள்.

இரண்டு முறை கேட்டேன். மாஷா அல்லாஹ், ளாத் நன்றாகவே இருக்கிறது. நாக்கின் பக்கம் வேலை செய்கிறது, இவ்வளவு நேரம் சண்டை போட்ட மூன்று பேரிலும் நீங்கள்தான் கிட்ட நிற்கிறீர்கள். ஆனால் 'இய்யாக்க' இரண்டு இடத்திலும் ஷத்து விழவில்லை, 'இயாக்க' என்றுதான் கேட்கிறது. ஷத்து இல்லாமல் அது சூரிய வெளிச்சத்துக்கான சொல். நாளை சுபுஹுக்குப் பிறகு கூப்பிடுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.