சித்திரை வெயிலில் கட்டட வேலை: தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: கோப்பாயில் வீடு கட்டுகிறோம். மேசனும் நான்கு கூலியாள்களும் நாட்சம்பளத்துக்கு வருகிறார்கள். புதிதாக வந்த இளைஞர் ஒருவர் சென்ற வாரம் மதியம் தலைசுற்றி வாந்தி எடுத்தார். மாமரத்தடியில் சற்று நேரம் படுத்திருந்துவிட்டு மறுபடி சாரத்தில் ஏறிவிட்டார். தண்ணீரும் சோடாவும் தாராளமாக வைத்திருக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

பதில்: அவரை அன்று மறுபடி ஏற விட்டிருக்கக் கூடாது. வெப்பத்தால் ஒருமுறை சோர்ந்த உடல் அன்றைக்குள் தேறாது. அவர் புதியவர் என்பதையும் கவனியுங்கள். வெயில் வேலையில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலானோர் முதல் சில நாள்களிலேயே இறக்கிறார்கள். வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்று இரண்டு வாரங்கள் தேவை. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் விடுங்கள். பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் கழித்து வருபவரையும் திடீரென வெயிலில் இறக்காதீர்கள்.

ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். சித்திரையில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றும் தொடங்கியிராது. காற்றில்லாத புழுக்கத்தில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் வெப்பச் சுட்டெண், அதாவது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடல் உணரும் சூடு, நிழலுக்கு உரியது. நேர் வெயிலில் அது 8 பாகை வரை கூடலாம்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது நேரம். காலை 6 மணிக்குத் தொடங்கி 10.30க்கு நிறுத்துங்கள். பிற்பகல் 3.30க்குப் பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம். இடையில் சுவரின் நிழற்பக்கத்திலோ உள்ளேயோ செய்யக்கூடிய இலகுவான வேலைகளைக் கொடுங்கள். சம்பளத்தில் ஒரு ரூபாவும் குறைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: கூலி குறையும் என்று அஞ்சுபவர் தலை சுற்றினாலும் வாய் திறக்கமாட்டார். “களைத்தால் இருங்கள்” என்பது போதாது. ஓய்வு நேரத்தை நீங்களே அறிவித்து, எல்லோரையும் ஒன்றாகக் கீழே இறக்குங்கள். ஓய்வெடுக்கத் தகரக் கொட்டகை வேண்டாம், உள்ளே வெந்துவிடும். கிடுகுப் பந்தல் போதும், மாமரம் அதைவிட நல்லது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கால் லீற்றர் குடிக்கவேண்டும். மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டக் கூடாது. சோடாவை விடுங்கள். உப்பிட்ட மோர், உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் நல்லவை. பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பு பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். மதியத்தில் கள்ளு வேண்டாம். அது உடலின் நீரைப் பறிக்கும்.

ஒருவர் பேச்சுக் குழறினால், நிதானமின்றி நடந்தால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது உயிராபத்து. உடம்பு வியர்த்திருப்பதைப் பார்த்து ஆபத்தில்லை என்று ஏமாற வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, மோட்டரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றியபடியே விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் இதற்கு உதவாது.

மேல்தளத்துக்குக் கொங்கிறீற் போடும் நாளில் நடுவில் நிறுத்த முடியாது என்று மேசன் சொல்வார், அது சரியே. அன்று விடியுமுன் தொடங்குங்கள், ஆள்களையும் கூட்டுங்கள். உச்சி வெயிலில் போட்ட கொங்கிறீற் வேகமாக இறுகி வெடிக்கும் என்பது அவருக்கும் தெரியும், மறுக்கமாட்டார்.