தொலைக்காட்சியில் போட்ட தடுப்பூசி நடிப்பா?

"ஊசி கண்ணில் படவில்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை, நடிப்புதானே?" பிரமுகர்கள் கமரா முன் போட்டுக்கொண்ட கொவிட் தடுப்பூசியைப் பற்றி, தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் இன்றும் கேட்கும் கேள்வி.

கொவிட் தடுப்பூசி தசையூசி: மருந்தை மேற்கைத் தசைக்குள் விடுவது. தசையில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து நன்றாகச் சேரும். ஆகவே ஊசியை 90 பாகையில், ஏறக்குறைய முழுதாக இறக்குவார்கள். பிறகு கமராவுக்கு என்ன தெரியும்? தேயிலைக் கன்று நட அலவாங்கை நேராகக் குத்துவதில்லையா, அப்படித்தான். சரித்தால் மேல்மண்ணோடு நின்றுவிடும்.

2021 தை மாதம் இலங்கையில் முதலில் போட்ட கோவிஷீல்ட் தடுப்பூசி ஒரு தடவைக்கு 0.5 மில்லிலீற்றர்தான், தேக்கரண்டியில் பத்தில் ஒன்று. சில விநாடிகளில் முடிந்துவிடும். சட்டைக் கையைப் பாதி மட்டும் சுருட்டும் பிரமுகர்கள்தான் சந்தேகத்தை வளர்க்கிறார்கள் என்பேன்.

இரத்தம் வராவிட்டால் மருந்து போகவில்லை என்பது தவறு: அந்த இடத்தில் பெரிய இரத்தக் குழாய் இல்லை, மெல்லிய துளையும் உடனே மூடிக்கொள்ளும்.