ஆச்சியைக் கேளுங்கள்: சின்ன முதலாளியும் வாய் திறக்காத பட்டறையும்

கேள்வி: ஆத்தங்குடியில் அப்பாவின் டைல்ஸ் பட்டறையை இரண்டு வருடமாக நான் கவனித்து வருகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். திங்கள்தோறும் எல்லோரையும் உட்காரவைத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்கிறேன். ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் கற்களைக் கண்ணாடித் தட்டின் மேல்தான் வார்ப்போம். போன மாதம் கீறல் விழுந்த கண்ணாடியில் வார்த்த 300 கற்கள் திரும்பி வந்துவிட்டன. கண்ணாடி பழுது என்று அச்சு வேலை செய்யும் பெரியவருக்கு முன்பே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை?

பதில்: சொல்லவில்லை என்று எப்படி முடிவு கட்டினீர்கள், தம்பி? என்றைக்கோ சொல்லியிருப்பார். புதுக் கண்ணாடிக்குக் காசு யார் கொடுப்பது என்று நீங்களோ அப்பாவோ முகம் சுளித்திருப்பீர்கள். உங்களுக்கு அது மறந்திருக்கும்.

நானும் இதில் யோக்கியம் இல்லை. காரைக்குடியில் 22 வருடம் பலகாரக் கூடம் நடத்தினேன். ஒரு கல்யாணத்துக்கு 600 அதிரசம். பாகு காய்ச்சும் அம்மாள் கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "ஆச்சி, இந்த வெல்லம் உப்புக் கரிக்கிறது. பாகு உருண்டு வரமாட்டேன் என்கிறது, பாருங்கள்." நான் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூட்டை இறங்கியாயிற்று, பார்த்துச் செய்" என்றேன். எண்ணெயில் போட்டதெல்லாம் பிரிந்து தூளாக மிதந்தது. நட்டம் போகட்டும். அதற்குப் பிறகு ஒரு வருடம் "சரி ஆச்சி" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்தக் கூடத்தில் என் நாக்கை விட அவள் நாக்குத்தான் பெரிய சொத்து. அதை நானே பூட்டிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த நம் செட்டியார்களிடம் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர்தான் இரண்டாம் நிலை அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாக வருவார். கீழே இருப்பவன் எதை விழுங்குகிறான் என்பது அவருக்குத் தெரியும். (பெட்டியடிப் பையன்கள் வாங்கிய திட்டும் கொஞ்சமல்ல, அது வேறு கதை.) நீங்கள் கல்லூரியிலிருந்து நேரே நாற்காலிக்கு வந்தவர். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர்களும் உட்காரும் குழு வைக்க அரசு உத்தரவிடலாம் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே வழி செய்தது. உங்கள் 14 பேருக்கு நீங்கள்தான் எழுந்து நடக்க வேண்டும்.

திங்கள்கிழமைக் கூட்டத்தை விடுங்கள். நாலு பேர் முன்னால் முதலாளியைக் குறை சொல்வது நம் ஊர்ப் பெரியவருக்கு மரியாதைக் குறைவு. காலையில் அவர் அச்சுக்குள் வண்ணம் ஊற்றும்போது பக்கத்தில் குந்துங்கள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதில் எதை எறியலாம், ஐயா?" என்று கேளுங்கள். அவர் காட்டியதை அந்த வாரமே மாற்றுங்கள். காசு இல்லையென்றால் இல்லை என்று அவரிடமே சொல்லுங்கள். இரண்டாவது கண்ணாடியை அவரே எடுத்து வருவார்.

கேள்வி: தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். எதைச் சொன்னாலும் மேனேஜர் செல்போனைப் பார்த்தபடியே "ம், சொல்லும்மா" என்கிறார். என்ன செய்வது?

பதில்: பாதியில் நிறுத்திவிட்டுப் பேசாமல் நில்லம்மா. நிமிர்ந்து பார்ப்பார். அப்போது மீதியைச் சொல். என் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடமே இதைச் செய்தாள். நோட்டை மூடிவைத்துவிட்டேன்.