பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஓனரிடமா, டீலரிடமா?

மோட்டார் கேள்வி – பதில்

2018 மாடல் போர்ஷே 718 கேமன் வாங்க ஆசை. பெங்களூரில் ஓனரே விற்கும் கார் ஒன்று 62 லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது, கர்நாடக ரெஜிஸ்ட்ரேஷன். சென்னை டீலர் ஒருவர் அதே வருடத்துக் காருக்கு 69 லட்சம் கேட்கிறார். அது தமிழ்நாடு வண்டி. 7 லட்சத்தை மிச்சம் பிடிக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

அந்த 7 லட்சம் உங்கள் கையில் நிற்காது. கர்நாடக வண்டியைக் கோவையில் நிரந்தரமாக வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரி கட்டியாக வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கு ஏற்ப இந்தச் சதவீதம் குறையும். ஆனால் கணக்கு நீங்கள் கொடுக்கும் 62 லட்சத்தில் தொடங்காது, கார் புதிதாக விற்ற விலையில் தொடங்கும். அதனால் தொகை பல லட்சம் வரும். விலை பேசுவதற்கு முன்பே ஆர்.சி. நகலையும் முதல் இன்வாய்ஸ் நகலையும் வாங்கிக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரியைக் கணக்கிடச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது வருவதற்கு மாதக்கணக்காகும். அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

அடுத்து, டீலரின் 69 லட்சத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய கார் விற்கும் டீலர் தன் லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டுகிறார். காரை அவர் 61 லட்சத்துக்கு எடுத்து 69 லட்சத்துக்கு விற்றால் 8 லட்சம் வித்தியாசம். வரி அதற்குள் அடங்கியது என்றால் ஏறக்குறைய 1.22 லட்சம் அரசுக்குப் போகிறது. மிச்சத்தில்தான் கடை வாடகை, பழுது, வாரண்டி, அவர் லாபம் எல்லாம். இதுபோக, 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), அதாவது 69,000 ரூபாய் பிடிப்பார். அது செலவு ஆகாது. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தனிநபர் ஓனரிடம் வாங்கினால் இந்த ஜி.எஸ்.டி.யும் இல்லை, டி.சி.எஸ்.ஸும் இல்லை.

அப்படியானால் டீலருக்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு? நாளைக்கு கியர்பாக்ஸ் தகராறு செய்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு. டீலர் மறைத்து விற்றது தெரிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை கொடுத்து வாங்கியது என்றால் மாவட்ட ஆணையம் கிடையாது, சென்னையில் மாநில ஆணையம். தன் சொந்தக் காரை விற்ற தனிநபர் வியாபாரி அல்ல. அவரை அங்கே இழுக்க முடியாது, சிவில் கோர்ட்டுதான் வழி. பெங்களூர்க்காரர் மீது வழக்கு நடத்துவது என்றால் எத்தனை வருடம், எத்தனை அலைச்சல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பார்வையில், உங்கள் இரண்டு கார்களில் சென்னைக் கார்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஆனால் ஒரு நிபந்தனை: டீலர் தன் பெயரில் பில் போட வேண்டும். இல்லையென்றால் 69 லட்சத்துக்கு நியாயமே இல்லை. பெங்களூர் ஓனர் முதல் ஓனராக இருந்து, எல்லா சர்வீஸும் கம்பெனி சென்டரில் செய்திருந்து, வரியையும் கணக்கிட்டு விலையைக் குறைக்கச் சம்மதித்தால் அந்தக் காரையும் தள்ளிவிட வேண்டாம். பல சமயம் நல்ல கார் இருப்பது கவனமாகப் பராமரித்த ஓனரின் வீட்டில்தான்.

பழைய போர்ஷே வாங்கப் போனேன். டீலர் "வண்டி எங்கள் ஷோரூமில்தான் இருக்கும், ஆனால் பேப்பர் ஓனரிடமிருந்து நேராக உங்கள் பெயருக்கு மாறும்" என்கிறார். ஒரு வருட வாரண்டியும் தருகிறாராம். நம்பலாமா? – வாசகர், மதுரை

இதற்கு 'பார்க் அண்ட் சேல்' என்று பெயர். கார் டீலருடையது அல்ல. ஓனர் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், விற்றால் டீலருக்குக் கமிஷன். தப்பான வியாபாரம் இல்லை. ஆனால் சட்டப்படி உங்களுக்கு விற்பவர் ஓனர்தான். டீலர் விலையைக் கொடுத்துவிட்டு, ஓனரிடம் நேரில் வாங்கிய பாதுகாப்பை மட்டும் பெறுவீர்கள். அப்படிப்பட்ட காருக்கு ஓனர் விலையும் நியாயமான கமிஷனும் மட்டும் கொடுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்தச் சான்று படிவம் 29பி. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது படிவம் 29சி. இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வாரண்டியைப் பொறுத்தவரை யார் கொடுப்பது என்பதே முதல் கேள்வி. கம்பெனியின் சொந்தத் திட்டமான 'போர்ஷே அப்ரூவ்ட்' என்றால் 111 அம்சங்களைச் சோதித்து, குறைந்தது 12 மாத வாரண்டியோடு வரும். எந்த ஊர் போர்ஷே சென்டரிலும் செல்லும். கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்டில் தரும் வாரண்டி அப்படி அல்ல. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எவ்வளவு, பி.டி.கே. (போர்ஷேயின் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸும் டர்போவும் சேர்த்தியா, வேலை எந்தப் பட்டறையில், உதிரிபாகத்துக்கும் லேபருக்கும் சேர்த்தா. 'இன்ஜின், கியர்பாக்ஸ் மட்டும், 50,000 ரூபாய் வரை' என்று எழுதியிருந்தால் இந்த வகைக் காருக்கு அது ஒன்றுக்கும் ஆகாது.

718 கேமனை நேரில் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? எனக்கு மாருதி, ஹூண்டாய்தான் பழக்கம். – வாசகர், திருச்சி

718 கேமனின் முன் பானட்டைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம்தான் இருக்கும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் மறைந்திருக்கிறது. மேலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரிவது பின் டிக்கியில் உள்ள ஆயில் மூடியும் கூலன்ட் மூடியும்தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சிகூடக் கிடையாது, டேஷ்போர்டு திரையில்தான் பார்க்க வேண்டும். ஆகவே லிஃப்டில் ஏற்றாமல் இந்தக் காரைப் 'பார்த்தேன்' என்று சொல்லவே முடியாது. வாங்குவதற்கு முன் செய்யும் சோதனைக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்குங்கள். செலவு உங்களுடையது. ஓனரோ டீலரோ இதற்கு மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அங்கே கேட்க வேண்டியது கம்ப்யூட்டர் ரிப்போர்ட். போர்ஷேயின் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும், அளவுக்கு மீறிச் சுழன்ற தருணங்களை ஆறு படிகளாகவும் பதிந்து வைக்கிறது. கடைசியாக எந்த மணி நேரத்தில் அது நடந்தது என்பதும் இருக்கும். முதல் மூன்று படிகளில் எண்ணிக்கை இருப்பது பெரிய விஷயமல்ல, விரட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 4, 5, 6-ஆம் படிகளில் பதிவு இருந்தால், அதுவும் சமீபத்தில் நடந்திருந்தால், விலகிவிடுங்கள். பெரும்பாலும் மேனுவல் கியர் காரில், மேல் கியருக்குப் பதில் கீழ் கியரில் தவறிப் போட்டால் இது நடக்கும். வால்வுகள் பிஸ்டனில் மோதும் அபாயம் உண்டு. பி.டி.கே. கியர்பாக்ஸ் அப்படி கீழ் கியருக்கு இறங்க மறுத்துவிடும், அதனால் அதில் இது அபூர்வம்.

இந்த மணி நேரப் பதிவால் இன்னொரு லாபம்: மீட்டரைத் திருப்பியிருந்தால் பிடிபடும். 24,000 கி.மீ.யை 800 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 30 கி.மீ. நகர ஓட்டத்துக்கும் ஹைவேக்கும் சேர்த்து நம்பக்கூடிய எண். மீட்டரில் 18,000 கி.மீ., யூனிட்டில் 1,500 மணி நேரம் என்றால் சராசரி 12. எவ்வளவு டிராஃபிக் என்றாலும் அது இடிக்கிறது. இதேபோல் ஓ.பி.டி. ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) காரின் சுய சோதனைகள் எல்லாம் 'இன்னும் முடிவடையவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ பிழைக் குறிகளை அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். 100 கி.மீ. போல ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. முன் பம்பரின் இரு பக்கத் திறப்புகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஏ.சி. கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவே காய்ந்த இலையும் மண்ணும் அடைந்து, மழையில் ஊறி, அலுமினியத்தை அரித்துவிடும். கடலோர ஊர் வண்டியில் இன்னும் சீக்கிரம். தகடுகள் பொடிந்து விழுந்திருந்தால் இரண்டு பக்கமும் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முன் பம்பரின் அடியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் உதடு ஸ்பீடு பிரேக்கரில் உரசியிருப்பது சகஜம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். லிஃப்டில் ஏற்றியதும் அதற்குப் பின்னால் உள்ள அடித்தட்டு கிழிந்திருக்கிறதா, ரேடியேட்டர் பிடிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜின் பக்கம் கூலன்ட் காய்ந்த படிவு தெரிந்தால் வாட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம்.

பெயின்ட் கனம் அளக்கும் கருவி வாங்கினால் இரும்பு, அலுமினியம் இரண்டிலும் வேலை செய்யும் ரகமாகப் பாருங்கள். இந்தக் காரின் கதவுகளும் முன், பின் மூடிகளும் அலுமினியம். இரும்புக்கு மட்டுமான மலிவுக் கருவி அதில் ஒன்றும் காட்டாது. ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 250 – 300 என்றால் மறுபடி அடித்தது. 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம். குறைவாக ஓடும் கார்களில் தடம் புதிதாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'N0', 'N1' போன்ற குறி இருந்தால் போர்ஷே ஒப்புதல் பெற்ற டயர். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இன்ஜின் ஆயில் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். 'கார் ஓடவே இல்லை சார், அதனால் சர்வீஸ் விடவில்லை' என்பது பாராட்டாக வரும், அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். முனையில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத் துருவையும் பாருங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்கு வைத்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். அந்த வண்டி ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வரும். பாலிசி எண்ணைக் கொண்டு க்ளெய்ம் விவரம் கேட்டு வாங்குங்கள்.

ஓனரிடம் நேரில் வாங்குகிறேன். காருக்கு பேங்க் லோன் பாக்கி, ஆர்.சி. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில். பணத்தை எப்படிக் கொடுப்பது? – வாசகர், சேலம்

முதலில் கம்பெனி. காரை ஓட்டுபவர் டைரக்டராகவே இருந்தாலும் கார் அவருடையது அல்ல. விற்பதற்கு போர்டு தீர்மானமும், கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரக் கடிதமும் வேண்டும். கம்பெனி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றது என்றால் முறையான பில் தர வேண்டும். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அந்தக் கம்பெனி மீது அடமானப் பதிவு இருக்கிறதா, திவால் நடவடிக்கை நடக்கிறதா என்று ஆடிட்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம்: பேங்கிடமிருந்து இன்ன தேதிவரை இவ்வளவு பாக்கி என்ற கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேராக லோன் கணக்கில் செலுத்துங்கள். விற்பவர் கணக்கில் போட்டு 'அவர் கட்டிவிடுவார்' என்று விடாதீர்கள். பேங்கின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அடமானம் நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வந்து, ஆர்.சி.யில் அடமானம் நீங்கிய பிறகு மீதி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, வெளிமாநிலம் என்றால் படிவம் 28 என்.ஓ.சி.யும், இங்கே புது எண்ணுக்குப் படிவம் 27-உம் வேண்டும். கடைசி 10 சதவீதமாவது இவை முடியும் வரை உங்களிடம் இருக்கட்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கூடவே கூடாது, வருமான வரிச் சட்டப்படி தடை. டோக்கன் என்றால் 50,000, 'சோதனையில் குறை தெரிந்தால் திருப்பித் தரப்படும்' என்ற வரியோடு.

வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கிய கார் என்று ஒன்று பாதி விலைக்கு வருகிறது. – வாசகர், சென்னை

வேண்டாம். சுங்க வரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி இல்லாமல், அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் உள்ள எண்ணும் பொருந்தாமல் தொடாதீர்கள். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் கார்களைத் தேடி கொச்சி சுங்கத் துறை நடத்திய சோதனைகளைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கடத்தல் கார் என்றால் எத்தனை கை மாறியிருந்தாலும் பறிமுதல் காரின் மீதே பாயும்.

என் காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் 'ஆறு மாதம் கழித்துப் பெயர் மாற்றுகிறேன்' என்கிறார். – வாசகர், ஈரோடு

சம்மதிக்காதீர்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, அதற்கான சான்றிதழை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு உதவும்.